ஜி-பேண்டிங்: ஜிம்சாவை விடுங்கள், டிரிப்சினைப் பாருங்கள்

குரோமோசோம்களில் அடர், வெளிர் பட்டைகளை வரவழைக்கும் சாயமுறைதான் ஜி-பேண்டிங். அதைச் செய்தால் குரோமோசோம்கள் ஊதி, ஓரம் நைந்து, வெளிறித் தெரிகின்றன, ஜிம்சா சாயத்தில் வைக்கும் நேரத்தைக் கூட்டியும் பட்டை வரவில்லை என்கிறீர்கள். ஜிம்சா மேல் பழி போடாதீர்கள், சாயத்துக்கு முன் குரோமோசோமின் புரதத்தை அரிக்கும் டிரிப்சின் நொதி அதிகமாகிவிட்டது. (பட்டையே இல்லாமல் ஒரே கருநீலமாக இருந்தால்தான் டிரிப்சின் போதவில்லை என்று பொருள்.)

காலையில் செல்களைச் சொட்டிய ஸ்லைடை மதியமே டிரிப்சினில் 40 வினாடி முக்கியிருக்கிறீர்கள். புது ஸ்லைடு அதைத் தாங்காது. 60 டிகிரி ஓவனில் ஓர் இரவு வைத்துப் பழசாக்குங்கள். அப்புறம் ஒரே மாதிரியின் மூன்று ஸ்லைடுகளை 10, 20, 30 வினாடி என்று முக்கிப் பாருங்கள். எடுத்ததும் சீரம் கலந்த குளிர்ந்த உப்புக்கரைசலில் அலசுங்கள், இல்லையென்றால் டிரிப்சின் அரித்துக்கொண்டேதான் இருக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். எக்ஸ் குரோமோசோமின் இரு கைகளிலும் ஒவ்வோர் அடர்பட்டை பளிச்சென்று தெரிகிறதா, அந்த வினாடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.