தாத்தாவின் தகரப் பெட்டி: துடைக்கும் முன் எழுதி வையுங்கள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தாத்தா பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர், தேதி, குழி எண் எழுதிய நீள நோட்டு, எழுத்துள்ள பளிங்குத் துண்டு, பீங்கானில் பதித்த ஒரு பெண்ணின் படம், பித்தளைச் சிலுவை, துருப்பிடித்த சாவி எல்லாம் இருக்கின்றன. நோட்டைப் பூச்சி அரித்திருக்கிறது, பூஞ்சை வாடையும் வருகிறது. லேமினேட் செய்யலாமா? பொருள்களைக் கழுவலாமா? யாரிடம் கொடுப்பது?"

லேமினேட் வேண்டவே வேண்டாம். கழுவுவதும் இப்போதைக்கு வேண்டாம். முதல் வேலை எழுதி வைப்பது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், பிடாடாரி 1908-இல் திறந்து 1972-இல் மூடப்பட்ட இடம், 2001-க்கும் 2006-க்கும் இடையே பல்லாயிரம் கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் நிற்கின்றன. சில கல்லறைக் கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்தில் இருக்கின்றன. ஆகவே அந்தச் சிலுவை எந்தக் குழிப் பக்கம் கிடைத்தது என்று நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. அதைச் சொல்லக்கூடியவை உங்கள் தாத்தாவின் நோட்டும், அவர் சொன்னதைக் கேட்டிருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான்.

பெட்டியில் எது எதன்மேல் இருந்தது, எது எந்தத் துணியில் சுற்றியிருந்தது என்பதை அப்படியே படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைப் பொருளின்மேல் எழுதாமல், சின்ன அட்டையில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். ஒட்டுத்தாள் ஒட்டினால் அதன் பசை மஞ்சளாகி உள்ளே இறங்கிவிடும், பேனா மை ஈரத்தில் கலங்கும். தனி ஏட்டில் அதே எண்ணைப் போட்டு, யார் என்ன சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று எழுதுங்கள். பாட்டியோ அத்தையோ இருந்தால் நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டி, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், காகிதம் இன்னும் சில ஆண்டு தாங்கும், எண்பது வயது ஞாபகம் அப்படி அல்ல.

நோட்டுக்கு வருவோம். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் வளைந்து மை வெளுக்கும். பூஞ்சை இருப்பதால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, மற்ற புத்தகங்களிலிருந்து பிரித்து, மின்விசிறிக் காற்று நேரே படாத உலர்ந்த அறையில் வையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டி எடுங்கள். ராமபாணப் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தோன்றினால், உலர்ந்த நோட்டைக் காற்றுப் புகாத பையில் மூடி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துப் பையைத் திறங்கள். பூச்சி சாகும், பூஞ்சை சாகாது. பூஞ்சைக்கு மருந்து வறட்சிதான். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டுக்கு மேல் போகிறது, 65-ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கும். புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் உலர் அலமாரி ஒன்று போதும். 45 முதல் 50-க்குள் வைத்தால் நோட்டுக்குச் சரி.

லேமினேட் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிப்பது மிகக் கடினம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள்.

படமெடுக்கும்போது அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட எதையும் விடாமல் வரிசையாக எடுங்கள். கைப்பேசியின் ஸ்கேன் செயலிகள் பக்கத்தை 'சுத்தம்' செய்து கறுப்பு வெள்ளையாக்கும், ஓரத்தில் இருக்கும் மங்கலான பென்சில் குறிப்பு அதில் காணாமல் போகும். எனவே சாதாரண கேமராவில் வண்ணப் படமாகவே எடுங்கள். மூன்று பிரதி வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

பொருள்களில் பித்தளைச் சிலுவைதான் கையைச் சும்மா இருக்க விடாது, புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த மங்கல் மேற்பரப்பைக் காக்கிறது, மண்ணில் கிடந்த தடயமும் அதில்தான் இருக்கிறது. வெளிறிய பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் தனியாக, மிக உலர்வாக வையுங்கள். சாவிக்குத் தண்ணீரே கூடாது. உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பளிங்கில் எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது, அமிலம் பட்டால் எழுத்தே கரையும். ப்ளீச்சும் கூடாது. எழுத்து தெரியவில்லை என்றால் சுண்ணக்கட்டி பூசாமல், இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கடித்துப் படம் எடுங்கள், தெளிவாகத் தெரியும். பீங்கான் படத்தில் விரிசல் இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைக்கலாம்.

அந்தப் பெண்ணின் குடும்பம் இங்கேயே இருக்கலாம். நோட்டில் பெயர் பொருந்தினால், முதலில் அவர் சேர்ந்திருந்த தேவாலயச் சபையின் பதிவேடு வழியாக விசாரியுங்கள். முகத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது அதற்குப் பிறகு, குடும்பம் சம்மதித்தால் மட்டும்.

கொடுப்பதற்கு தேசிய ஆவணக் காப்பகத்தையும் இந்திய மரபுடைமை நிலையத்தையும் கேட்டுப் பாருங்கள். புக்கிட் பிரவுன் என்ற பழைய சீனக் கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேடுகளை ஆவணக் காப்பகம் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கிறது, இந்த நோட்டின் மதிப்பு அவர்களுக்குப் புரியும். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நோட்டு ஓரிடம், பொருள்கள் வேறிடம் என்று பிரிந்தாலும், நீங்கள் போட்ட எண்களும் அந்த ஏட்டின் நகலும் இரண்டு இடத்துக்கும் போகட்டும். ஒப்படைக்கும்போது யார் பார்க்கலாம், யார் படியெடுக்கலாம் என்பதைக் கையெழுத்திட்ட தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.