எல்லாம் தெரிஞ்ச மனசுக்கு என்ன வைத்தியம்?

திறமையும் கற்பனையும் மிகுந்தவர்களுக்கு மன ஆலோசனை எதற்கு, அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறோம். பதில் சொல்பவர்கள் ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருத்துவ உளவியலாளரும்.

கேள்வி: வயது 34, மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இரண்டு வருஷம் மிருதங்கம், ஆறு மாசம் வட்டெழுத்து, அப்புறம் தேனீ வளர்ப்பு. ஆரம்பிச்ச எதையும் முடிச்சதில்லை. ஆலோசகரிடம் நாலு தடவை போனேன். அவர் அடுத்து என்ன கேட்பார்னு எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது. எனக்கு ஏத்த ஆளே கிடைக்க மாட்டாங்களா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கிடைப்பார். ஆனால் போன ஆலோசகருக்கு அறிவு போதவில்லை என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். வேகமாக யோசிப்பவர்கள் ஆலோசனை அறைக்குள் நுழைந்ததும் தங்கள் வருத்தத்துக்குத் தாங்களே உரை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாவின் கண்டிப்பு, பள்ளிக்கூடத்தில் கிடைத்த பாராட்டு, அதனால் வந்த பயம் என்று எல்லாம் கோர்வையாக வரும். கேட்கிறவருக்கும் சுவாரசியமாக இருக்கும், ஐம்பது நிமிடம் ஓடிவிடும். அடுத்த வாரம் அதே உரை இன்னும் மெருகேறியிருக்கும். தூக்கமும் வேலையும் வீட்டுச் சண்டையும் அப்படியேதான் இருக்கும்.

அடுத்த தடவை ஒரு தாளோடு போங்கள். அதில் மூன்று விஷயம் போதும். மூன்று மாதத்தில் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும்படி என்ன மாற வேண்டும் என்பது முதலாவது. “நிம்மதி வேண்டும்” என்றால் அதை யாராலும் அளக்க முடியாது. “இரவு பன்னிரண்டுக்குள் படுக்க வேண்டும்” என்றால் அளக்கலாம். போன தடவை எந்த இடத்தில் சலித்தது என்பது இரண்டாவது. மூன்றாவது, நீங்கள் எப்படி நழுவுவீர்கள் என்பது. “நான் விளக்கிக்கொண்டே போவேன், பாதியில் நிறுத்துங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடலாம். தொழில் தெரிந்த ஆலோசகர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான். கடைசிப் பத்து நிமிடத்தை, அந்த வாரம் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். சோர்வும் இருந்தால் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை முதல் நாளும் ஆறாவது சந்திப்பிலும் நிரப்புங்கள். அதன் மதிப்பெண் 0 முதல் 27 வரை. ஐந்து புள்ளியாவது குறைந்தால் வழி சரி. அசையவே இல்லை என்றால் முறையை மாற்றுவது பற்றி அவரிடமே பேசுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

இனி, முடிக்காமல் விடுவது. இதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, தேக்கம். எந்தக் கலையிலும் முதல் சில மாதம் கிடுகிடுவென்று ஏறும். அப்புறம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். பள்ளியில் சிரமமே படாமல் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அந்த நிற்கிற காலத்தைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் வாய்த்திருக்காது. “இதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது” என்று அவர்கள் சொல்வது பல நேரம் “இதில் நான் சுமாராக இருக்கிறேன், தாங்க முடியவில்லை” என்பதுதான். இதற்கு மருத்துவம் வேண்டாம், பயிற்சி போதும். ஒன்றை மட்டும் எடுங்கள். 12 வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 25 நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் புது யோசனை ஒன்று நல்ல நல்ல நியாயங்களோடு வந்து நிற்கும். அதை ஒரு நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். 12 வாரம் கழித்துத் திறக்கலாம். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாவது நாள் 75 நிமிடம் உட்காராதீர்கள். இந்தத் திட்டம் பெரும்பாலும் முறிவது அந்த ஈடுகட்டலில்தான்.

இரண்டாவது, கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு (ஏடிஹெச்டி). கெட்டிக்காரர்களிடம் இது வெகுநாள் மறைந்திருக்கும். முந்தின ராத்திரி படித்தே 90 மதிப்பெண் வாங்கிய பையனை யார் சந்தேகப்படுவார்கள்? 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு, கவனக்குறைவிலோ மிகைச்செயலிலோ குறைந்தது ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் இடைஞ்சல் தர வேண்டும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது பழைய ராங்க் கார்டையும், முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். “கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது” என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி பத்து கேள்வித்தாளுக்குச் சமம். மூன்றாவது மனச்சோர்வு. முன்பு பிடித்தது எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது என்றால், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளோடு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தங்கச்சி வில்லுப்பாட்டில் தலைமைப் பாட்டு. கோயில் கொடை மாசங்களில் மூணு மணி நேரம்தான் தூங்குவா, பேச்சு நிக்காது, கடன் வாங்கிப் புதுச் செட்டு சேர்ப்பா. ஆனா பாட்டு அப்பத்தான் அருவி மாதிரி கொட்டும். கொடை முடிஞ்சா ரெண்டு மாசம் பாயை விட்டு எந்திரிக்க மாட்டா. ஊர்ல கோட்டிங்கிறாங்க. டாக்டர் லித்தியம் எழுதியிருக்கார். மாத்திரை போட்டா பாட்டு போயிரும்னு அழுதா.
— வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: முதலில், பைத்தியம் என்று பொருள்படும் அந்தக் “கோட்டி” என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயாவது விடுங்கள். நீங்கள் விவரிப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்) போலத் தெரிகிறது. நேரில் பார்த்த மருத்துவரின் முடிவே முடிவு. கலைஞருக்கு உற்சாகம் வருவது இயல்பு. தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் நான்கு நாள் தொடர்ந்தாலே மருத்துவர்கள் கவனிப்பார்கள். ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது மேனியா.

பாட்டு போய்விடுமா என்ற பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தைப் பாதியில் நிறுத்தும் கலைஞர்களில் பலர் இதனால்தான் நிறுத்துகிறார்கள். டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷௌ 1979-இல் லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த 24 கலைஞர்களிடம் இதையே கேட்டார். 12 பேர் தங்கள் படைப்பு கூடியதாகச் சொன்னார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்தது என்றார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் “கட்டாயம் போய்விடும்” என்பது உண்மையில்லை என்று காட்டப் போதும். அருவி கொட்டுகிற அந்த வாரங்களை மட்டும் பார்க்காதீர்கள். பாயில் கிடக்கிற இரண்டு மாதத்தையும் அதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

“மந்தமாக இருக்கிறது, சொல் வரவில்லை” என்று அவர் சொன்னால் அளவை மறுபார்வை செய்யச் சொல்லலாம். ரத்தத்தில் லித்தியம் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்ப்பார்கள், பலருக்கு 0.6–0.8 போதும். ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இந்த நேரம் தவறினால் கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தமில்லை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் இடையிடையே பார்க்க வேண்டும். கை லேசாக நடுங்கி, வில்லில் தட்டும் வீசுகோலைப் பிடிக்க இடைஞ்சலாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும், அதற்கு வழி உண்டு. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நம்ம ஊருக்கென்று இரண்டு ஆபத்துகள். ஒன்று வெயில். சித்திரை, வைகாசியில் வியர்த்து ஊற்றி, தண்ணீர் குடிக்காமல் விடிய விடியப் பாடினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். தொண்டை வலி, மேல்வலி என்று கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டாவது ராத்திரி நிகழ்ச்சி. தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பிவிடும். கொடைக்கு ஒப்புக்கொள்ளும்போதே தொடர்ந்தாற்போல் இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி பாடினால் மறுநாள் இருட்டறையில் ஏழு மணி நேரத் தூக்கம், செல்போன் வேறு ஆள் கையில். முன்பணத்தையும் கடன் பேச்சையும் அந்த மாதங்களில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இதை அவர் நன்றாக இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு எழுதிவையுங்கள். உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் சண்டைதான் வரும்.

கேள்வி: ஆறு வருஷமாக ஒரு நாவல். முதல் அத்தியாயம் மட்டும் பத்தொன்பது தடவை எழுதியாச்சு. சேக்காளிகள் “நல்லாத்தான்வே இருக்கு, அடுத்ததுக்குப் போவும்” என்கிறார்கள். முடியவில்லை.
— வாசகர், 41, திருநெல்வேலி டவுண்

பதில்: தரம் வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. பால் ஹூவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் பூரணத்துவத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: நமக்கு நாமே விதிப்பது, அடுத்தவருக்கு விதிப்பது, அடுத்தவர் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாமே நம்புவது. மூன்றாவதுதான் மனச்சோர்வோடு அதிகம் ஒட்டிக்கொண்டு வருவது. இருபதாவது தடவை உட்காரும்போது யார் படித்து உதட்டைப் பிதுக்குவதாகத் தோன்றுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு முகம் தெரியும்.

அந்த முகத்தோடு வாதாடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். 600 சொல்லில் ஒரு சின்னக் கட்டுரை எழுதுங்கள், நேரம் 90 நிமிடம், திருத்தம் இரண்டே தடவை. அதில் உங்களுக்கே பிடிக்காத ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். ஐந்து பேருக்கு அனுப்பும் முன், எத்தனை பேர் அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டுவார்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில்கள் வந்ததும் ஒப்பிடுங்கள். ஒரு தடவை போதாது, நான்கு தடவையாவது செய்ய வேண்டும். முதல் தடவை மனசு “அவர்கள் மரியாதைக்குச் சொல்லவில்லை” என்று தப்பித்துக்கொள்ளும்.

நாவலுக்கு முதல் அத்தியாயத்தை உறையிலிட்டு மனைவியிடமோ நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள். நாளுக்கு ஒரு பக்கம், கையெழுத்தில், முந்தின நாள் பக்கத்தில் கடைசி இரண்டு வரி மட்டுமே பார்க்கலாம். இந்த அட்டவணையையே கலர் பேனாவில் அழகாகப் போட்டு ஒரு வாரம் கழிப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பரவாயில்லை, அடுத்த வாரம் பக்கத்தை எழுதுங்கள்.

கேள்வி: அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தார். இன்று ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் “இவளுக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒருநாள் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். ஊரில் வாய் திறந்தால் மண்டகனம் என்கிறார்கள்.
— வாசகி, ஆலங்குளம் பக்கம்

பதில்: நன்றாகச் சாதித்த பெண்களிடம் இந்த அச்சத்தைப் பார்த்து 1978-இல் முதலில் எழுதியவர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும். அவர்களே பரிந்துரைத்தது குழுச் சிகிச்சையை. ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருக்கிற கெட்டிக்காரி அதே பயத்தைச் சொல்லும்போது அது எவ்வளவு பொருந்தாதது என்று சட்டென்று தெரியும். தன் விஷயத்தில் தெரியாது. குழு கிடைக்காவிட்டால் இதே நிலையில் உள்ள இரண்டு பேர் மாதம் ஒருமுறை பேசினாலும் போதும்.

ஒரு சின்ன வேலை. யாராவது பாராட்டினால் “சும்மா, அதிர்ஷ்டம்” என்று சொல்லாமல் “நன்றி” என்று நிறுத்துங்கள். மூன்று வாரம் எண்ணிப் பாருங்கள், எத்தனை தடவை வாய் தவறுகிறது என்று. பயம் முழுவதும் உங்கள் மனசின் பிழை என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். வீட்டில் முதல் பட்டதாரியை, அதுவும் பெண்ணை, கூட்டத்தில் நிஜமாகவே குறைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அதை உங்கள் குறை என்று எழுதிக்கொள்ளாமல், யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஐக்யூ சோதித்துக்கொள்வது அவசியமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். மீத்திறன் ஒரு நோயில்லை, அதற்கு நோய்க்குறியீடும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 1921-இல் சோதித்து 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார். அந்த வடிகட்டலில் விடுபட்ட பையன்கள் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும், 1956-இலும் 1968-இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். கற்றல் குறைபாடு சந்தேகம் இருந்தால் மட்டும் சோதனை உதவும்.

கேள்வி: நெல்லையில் யாரிடம் போவது? போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?
— பெயர் வேண்டாம்

பதில்: மாத்திரை எழுதித்தர வேண்டும் என்றால் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த மனநல மருத்துவர். பேச்சுச் சிகிச்சைக்கும் சோதனைகளுக்கும் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்து “மைண்ட் கோச்” என்று போட்டிருப்பவரிடம் மேலே சொன்ன எதற்கும் போகாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார். எந்த நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23-ஆம் பிரிவின்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. என்னென்ன என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். காத்திருக்கும் பெஞ்சில் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. அதற்குத்தான் பலர் தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாரா வாரம் பஸ் ஏற முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் முதல் சந்திப்பை நேரிலும் மற்றவற்றை வீடியோவிலும் வைத்துக்கொள்ள ஆலோசகரிடம் கேட்கலாம்.