ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் பேரூராட்சித் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: காவல் ஆய்வாளராகப் பணிபுரிந்து கடந்த ஆண்டு 60 வயதில் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முன் கொடுக்கப்பட்ட 3(பி) சார்ஜ் மெமோ (கடும் தண்டனைக்குரிய துறைக் குற்றச்சாட்டு) மீதான விசாரணை இன்னும் முடியவில்லை. சொந்த ஊர்ப் பேரூராட்சியில் நின்று சேர்மன் ஆக விரும்புகிறேன். ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? சார்ஜ் நிலுவையில் இருந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்களா? வென்றால் பென்ஷன் நிற்குமா? நான் ஸ்டேஷனில் இருந்தபோது அடித்ததாகச் சொல்லி வழக்குப் போடப்போவதாக எதிர்த்தரப்பில் ஒருவர் மிரட்டுகிறார்.

பதில்: காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் இத்தனை ஆண்டு கழித்துத்தான் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. அப்படி ஒரு இடைவெளி வேண்டும் என்று கேட்ட மனுவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சட்டமியற்றுபவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டது.

உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் உண்மையிலேயே ஓய்வு பெற்றவரா என்பதைத்தான். விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் சார்ஜ் நிலுவையில் உள்ளவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. தமிழ்நாடு அரசின் அடிப்படை விதி 56(1)(சி)-ன்படி, குற்றச்சாட்டின் பேரில் தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பெண்ட்) இருப்பவரை வயது முடிந்தாலும் ஓய்வில் போக விடாமல், இறுதி ஆணை வரும்வரை பணியிலேயே தொடர வைக்கலாம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அரசு ஊழியர். அரசு ஊழியர் உள்ளாட்சிப் பதவிக்கு நிற்க முடியாது. மனு பரிசீலனையிலேயே போய்விடும்.

எனவே ஓய்வு நாளன்று உங்களுக்குக் கொடுத்த ஆணையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ‘நிலுவையில் உள்ள ஒழுங்கு நடவடிக்கைக்குக் குந்தகம் இன்றி ஓய்வுபெற அனுமதிக்கப்படுகிறார்’ என்ற பொருளில் இருந்தால் நீங்கள் ஓய்வூதியர்; நிற்கலாம். ‘ஓய்வுபெற அனுமதிக்கப்படவில்லை, பணியில் தொடர வைக்கப்படுகிறார்’ என்று இருந்தால் இப்போதைக்கு நிற்க முடியாது. மாதாமாதம் பணம் வருவதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அது தற்காலிக ஓய்வூதியமா, பிழைப்பூதியமா (சஸ்பெண்டில் இருப்பவருக்குத் தரும் தொகை) என்று பாருங்கள். ஆணை கையில் இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு இன்றே எழுதிக் கொடுங்கள். இரண்டாவது நிலையில் இருந்தால், விசாரணையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் வழி. 2022 மார்ச் 2-ல் பதவியேற்ற பேரூராட்சி உறுப்பினர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அந்தக் கணக்கை மனதில் வைத்து, தாமதம் செய்யாதீர்கள்.

நீங்கள் ஓய்வூதியர்தான் என்றால், சார்ஜ் மெமோ மனுவைத் தடுக்காது. துறை நடவடிக்கை குற்ற வழக்கு அல்ல. ஆனால் அது ஓய்வூதியத்தின் மீது தொங்கும் கத்தி: குற்றம் நிரூபணமானால், ஓய்வூதிய விதிகள், 1978-ன் 9-வது விதிப்படி அரசு ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியும். தேர்தலில் வெல்வதால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதே விதியின்படி, ஓய்வுக்குப் பிறகு புது சார்ஜ் கொடுக்க அரசின் அனுமதி வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சம்பவத்துக்குக் கொடுக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பணியில் இருந்தபோதே ‘வருங்காலச் சேர்மன்’ என்று போஸ்டர் ஒட்டியதோ, கட்சி மேடையில் ஏறியதோ இருந்தால், அந்தப் படங்களை எதிராளி இப்போது தேடி எடுப்பார். காவலர் நடத்தை விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

பதவியில் அமர்வது மறுநியமனம் அல்ல. அதனால் ஓய்வூதியம் நிற்காது. பேரூராட்சித் தலைவருக்கு மாதம் 10,000, துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500 ரூபாய் என்று 2023-ல் அரசு அறிவித்தது மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. ஓய்வுக்குப் பின் அரசுத் துறையிலோ பேரூராட்சியிலோ ஒப்பந்த வேலை பார்க்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். மனுத் தாக்கலுக்கு முன்பே விலகி, விலகலை ஏற்ற கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

சேர்மன் பதவிக்கு நேராக மனுப் போட முடியாது. 2022-ல் நடந்தபடி, முதலில் வார்டில் வென்று, பிறகு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் வார்டு பெண்களுக்கோ பட்டியல் இனத்தவருக்கோ ஒதுக்கப்பட்டதா, தலைவர் பதவி யாருக்கு என்பதை அரசிதழில் பார்த்த பிறகு பணத்தை இறக்குங்கள்.

காவலர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வாக்காளர் பட்டியலில். பெயர் வேலை பார்த்த ஊரிலேயே கிடக்கும். போட்டியிடும் பேரூராட்சியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்; முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். இடம் மாற்றப் படிவம் 8 கொடுங்கள், படிவம் 6 அல்ல. 6-ஐக் கொடுத்து இரண்டு இடத்தில் பெயர் வந்தால் அதுவே புதுத் தகராறு. சொந்த வீட்டின் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் கட்டி ரசீதை மனுவோடு வையுங்கள். கேட்புச் சீட்டு (டிமாண்ட் நோட்டீஸ்) வந்தும் கட்டாத பாக்கி தகுதியைப் பறிக்கும். 2022-ல் பேரூராட்சி உறுப்பினர் பதவிக்கு டெபாசிட் 1,000 ரூபாய் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பாதி), செலவு உச்சவரம்பு 17,000 ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்கத் தவறினால் அடுத்த மூன்று ஆண்டுக்கு நிற்க முடியாது.

மிரட்டல் பற்றி: புகார் கொடுத்தாலோ வழக்கு நிலுவையில் இருந்தாலோ மட்டும் தகுதி போகாது, தண்டனை பெற்றால்தான் தகுதியிழப்பு பற்றிய பேச்சே வரும். பணிக் கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு, ஓய்வுபெற்றவர் மீதும் நீதிமன்றம் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதி தேவைப்படலாம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 218-வது பிரிவு). ஆனால் அந்தப் பாதுகாப்பு பொதுவாக அரசின் அனுமதியின்றிப் பதவியிலிருந்து நீக்க முடியாதவர்களுக்குத்தான்; ஆய்வாளராக இருந்த உங்களுக்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அடித்தது கடமையோடு சேர்ந்ததா என்பதையும் நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். அதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையோ நீதிமன்ற எண் பெற்ற தனிப் புகாரோ இருந்தால் உறுதிமொழிப் பத்திரத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

பிரசாரத்தில் சீருடைப் படம் வேண்டாம். பெயருக்குப் பின் ‘ஓய்வு’ என்ற சொல் விடுபடக் கூடாது. பணியில் இருப்பவர்போல் ஏமாற்றச் சீருடையோ அடையாளமோ பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 205-ன் கீழ் குற்றம். உரிமத் துப்பாக்கி இருந்தால், தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைக்கச் சொன்னவுடன் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

பரிசீலனை நாளன்று ஓய்வு ஆணை, ஓய்வூதிய ஆணை, வரி ரசீதுகள் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் தவறாகத் தள்ளினாலும், அரசியலமைப்பின் 243இசட்ஜி பிரிவு காரணமாக நடுவில் நீதிமன்றம் தலையிடத் தயங்கும். தேர்தல் முடிந்த பிறகு மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் வழக்குப் போடுவது ஒன்றே மிஞ்சும், அதற்குள் வேறொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்.