கொழும்பு பேரை வாவிக்கரையில் வீடு தேடும் திருகோணமலை ஆட்களுக்கு

நான் திருக்கடலூர் ஆள். கொழும்பு 2, கொம்பனித்தெருவில் வாவியோரமாக ஒன்பது வருடம் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, வாவி நாறும் என்கிறார்களே?
நாறும்தான், ஆனால் எல்லா நாளும் இல்லை. கழிவுநீர் வந்து சேர்வதால் பாசி பெருகித் தண்ணீர் கடும்பச்சையாகிவிடும், காற்றில்லாத வெயில் நாளில் அந்தப் பாசி கரையில் ஒதுங்கி அழுகத் தொடங்கும், அப்போதுதான் நாற்றம். ஒருநாள் என் மகள் ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டினாள், பெயின்ட் டின்னுக்குள் விட்டு எடுத்தது போல வந்தது. நம்மூர்க் கருவாட்டு வாசம் பழகிவிடும், இது பழகாது. புரோக்கர் காலையில்தான் கூட்டிப் போவார். நீங்கள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தனியாக ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கு, டெங்கு பயம்.
வாவியைக் குற்றம் சொல்லாதீர்கள். டெங்கு நுளம்புக்குப் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தேங்குகிற கொஞ்சத் தண்ணீரே போதும். வீடு பார்க்கும்போது பீலியையும் பாருங்கள்.

ஏன் அண்ணா கொம்பனித்தெருவுக்கு இங்கிலீஷில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று பெயர் வந்தது?
ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்து வைத்த இடம். அப்போது வாவி இப்போதையதை விடப் பெரிது, பிறகுதான் நிறைய இடம் நிரப்பப்பட்டது. தப்பாமல் இருக்க முதலை விட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நமக்கென்ன, தமிழில் கொம்பனித்தெரு என்றே சொல்லுவோம்.

கோயில் கிட்டவா?
கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், நடந்தே போகலாம்.

அட்வான்ஸ் எவ்வளவு, தம்பி?
ஆறு மாதம், சிலர் ஒரு வருடமும் கேட்பார்கள் அக்கா. எவ்வளவு கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள், சுவர் ஈரத்தைக் குடிபோன வாரமே போனில் படம் எடுத்து வையுங்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, வெளிக்கிடும்போது பெயின்ட் செலவென்று வீட்டுக்காரர் ஒரு மாதக் காசைக் கழித்துவிட்டார். நீங்கள் சாவி வாங்கும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வாவிப் பக்க பல்கனியா, ஒழுங்கைப் பக்கமா?
ஒழுங்கைப் பக்கம். வாவிப் பக்கத்துக்காரர் வாடகையும் கூடக் கொடுத்து, பாதி நாள் ஜன்னலைப் பூட்டியே வைத்திருப்பார்கள். கூழைக்கடா பார்க்க ஆசை வந்தால் நான் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவேன்.