பொருளாதாரம் விழுந்தால் உதைபந்தாட்டச் சண்டித்தனம் திரும்பி வருமா?

கேள்வி இது: "விலைவாசி ஏறி, வேலை குறைந்து, பிரித்தானியாவில் மறுபடி ஒரு கஷ்டகாலம் வந்தால், எண்பதுகளில் அடிபாட்டுக்கென்றே வந்த ஹூலிகன் கூட்டங்கள் மைதானங்களுக்குத் திரும்பி வருமா?"

அந்த வடிவத்தில் வராது என்பது என் எண்ணம். ஆனால் எனக்குப் பிரச்சினை கேள்வியின் முதல் பாதியோடுதான். கையில் காசில்லாதவன் மட்ச்சுக்குப் போய் அடிபடுவான் என்று எல்லோரும் எப்படியோ முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை.

1986இல் கிழக்கு லண்டனுக்கு வந்தபோது எனக்கு 19 வயது. 83க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் பலரைப் போல பகலில் படிப்பு, மிச்ச நேரமெல்லாம் பெற்றோல் நிலையம், கடை என்று நின்றவன்தான் நானும். சனிக்கிழமைகளில் நான் நின்ற கடை அப்டன் பார்க் பக்கம், வெஸ்ட் ஹாமின் பழைய மைதானத்துக்கு நடந்துபோகும் தூரம். முதலாளி குஜராத்திக்காரர். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் கல்லாக் கணக்கு இல்லை, ஷட்டர். இரண்டு மணிக்குப் பாதி இறக்கு, மூன்றுக்கு மட்ச் தொடங்கினதும் ஏற்று, நாலரைக்கு முழுதாக இறக்கிவிட்டு உள்ளே லைட்டை அணைத்துக்கொண்டு இரு.

ஒருநாள் இறக்கப் பிந்திவிட்டது. ஏழெட்டுப் பெடியன்கள் உள்ளே வந்து அலுமாரியில் இருந்ததைத் தட்டிக் கொட்டி, என் நிறத்துக்கு ஏற்ற பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த அணியின் ஆட்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் ஒருவன் கழுத்திலும் ஸ்காஃப் இல்லை, ஒருவனும் அணியின் நிறத்தில் உடுத்தியிருக்கவில்லை. உடம்பில் இருந்ததெல்லாம் இத்தாலிக் கம்பளிச் சட்டை, விலை கூடிய டென்னிஸ் சப்பாத்து. அந்த ஒரு சட்டையின் விலை என் ஒரு கிழமைச் சம்பளத்தை விடக் கூட. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பசியால் வந்த கூட்டம் அது இல்லை.

இவர்களுக்கு 'கேஷுவல்ஸ்' என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அணி நிறம் போடாமல், நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போனால் பொலிஸ் பிடிக்காது என்ற கணக்கு. வெஸ்ட் ஹாமின் பெயர்போன கூட்டத்துக்கே 'இன்டர் சிட்டி ஃபேர்ம்' என்றுதான் பெயர், ஐ.சி.எஃப். ரசிகர்களுக்கென்று விட்ட மலிவான விசேஷ ரயில்களில் பொலிஸ் காவல் நிற்கும், அதனால் இவர்கள் சாதாரணப் பயணிகள் போல இன்டர்சிட்டி ரயிலில் போவார்கள். அடித்துவிட்டு, "வாழ்த்துகள், நீ இப்போது ஐ.சி.எஃப்.ஐச் சந்தித்திருக்கிறாய்" என்று அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போவார்களாம். விசிட்டிங் கார்ட் அச்சடிக்கிற வறுமை எங்கே இருக்கிறது?

எங்கள் கடைக்குத் தினமும் பேப்பரும் சிகரெட்டும் வாங்க வருகிற ஒருவர் இருந்தார், கூரை வேலை செய்கிறவர், சொந்தமாக வான் வைத்திருந்தார். என்னை எப்போதும் 'மேட்' என்றுதான் கூப்பிடுவார், நல்ல மனுசன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் தானும் அந்தக் காலத்தில் அடிபாட்டுக்குப் போனவன் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். வேலையில்லாத் திண்டாட்டம் என்கிறார்களே என்று கேட்டேன். சிரித்தார். "சனிக்கிழமை மான்செஸ்டர் போகவேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை சம்பளம் கையில் வரவேண்டும்."

சரி, ஒரு கடைக்காரப் பெடியனின் அனுபவத்தை வைத்து நாட்டின் வரலாற்றை எழுதமுடியாது. ஆனால் வரலாறும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1932இல் பிரித்தானியாவில் வேலையில்லாதோர் ஏறக்குறைய 30 லட்சம், எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த அதே அளவு. அந்தக் காலத்துக் கூட்டமும் கத்தும், நடுவரைத் திட்டும், எப்போதாவது கைகலப்பும் நடக்கும், ஆனால் அடிபடுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிற கூட்டங்கள் அப்போது இல்லை. போருக்குப் பிறகு இறைச்சிக்கும் சீனிக்கும் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்த 1948-49 பருவத்தில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் சனம் லீக் மட்ச்சுகளுக்குப் போனது, இன்றுவரை அதுதான் உச்சம். பெரும்பாலும் அமைதியாகத்தான் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சண்டித்தனம் வழக்கமாகத் தொடங்கியது எப்போது தெரியுமா? அறுபதுகளின் நடுவில், வேலை கேட்டால் அடுத்த நாளே கிடைத்த காலத்தில். பெடியன்களின் கையில் முதல்தடவையாகச் செலவழிக்கக் காசு வந்தது, வெளியூர் மட்ச்சுக்குத் தாங்களாகவே ரயில் ஏறிப்போக முடிந்தது, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிற படிக்கட்டு இளவட்டங்களின் ராச்சியம் ஆனது.

எண்பதுகளில் மட்டும் கஷ்டகாலமும் சண்டித்தனமும் ஒன்றாக வந்துவிட்டன, அதனால்தான் எல்லோர் மனதிலும் அந்தப் படம் ஒட்டிக்கொண்டது. 1985ஐ எடுத்துப் பாருங்கள். மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று முடிகிறது, அதே மாதம் 13ஆம் தேதி லூட்டனில் மில்வோல் என்ற லண்டன் கழகத்தின் ஆட்கள் கதிரைகளைப் பிடுங்கிப் பொலிஸ் மீது எறிகிறார்கள், அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கிறது. மே 29ஆம் தேதி பிரசல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ஆட்கள் பாய்ந்ததில் சனம் ஒதுங்கி, சுவர் இடிந்து 39 பேர் சாகிறார்கள், பெரும்பாலும் யுவென்டஸ் பார்க்க வந்த இத்தாலியர்கள். ஆங்கிலக் கழகங்களுக்கு ஐரோப்பாவில் 5 வருடத் தடை, லிவர்பூலுக்கு 6. வேலைநிறுத்தமும் கதிரை எறிதலும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து ஓடினால், ஒன்று மற்றதைப் பெற்றது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லாவிட்டால் தவறு. 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே 97 பேர் இறந்தது சண்டித்தனத்தால் இல்லை. ரசிகர்கள் மீது பழிபோட்டார்கள், அது பொய் என்று 2016இல் விசாரணை மன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் சண்டித்தனத்துக்குப் பயந்து போட்ட இரும்பு வேலிதான் அந்தச் சனத்தை வெளியே வரவிடாமல் நசுக்கியது. எல்லாரையும் ஹூலிகன் என்று பார்த்த பழக்கம்தான், மூச்சுத்திணறி வேலியில் ஏறியவர்களையும் பொலிஸ் அப்படியே பார்க்கவைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை, மூலைக்கு மூலை கமெரா, பிரீமியர் லீக். 2000இல் பெல்ஜியத்தின் சார்லருவாவில் இங்கிலாந்து ஆட்கள் கதிரை தூக்கி எறிந்த பிறகு வந்த சட்டத்தில், மைதானத் தடை உத்தரவு வாங்கியவன் வெளிநாட்டில் இங்கிலாந்து ஆடும்போது பாஸ்போட்டைப் பொலிஸில் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டும். இவை எல்லாவற்றையும் விட வேலை செய்தது டிக்கெட் விலை என்று நான் நினைக்கிறேன். ஒருசில பவுணுக்கு வாசலில் காசு கொடுத்து நண்பர்கள் பத்துப்பேர் சேர்ந்து நிற்கிற இடமாக இருந்தது, முன்கூட்டியே பெயர் பதிந்து, கார்ட்டில் காசு கட்டி, இலக்கமிட்ட இருக்கையில் உட்காருகிற இடமாக மாறிவிட்டது. 2024 கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் பருவத்தின் நடுவிலேயே மிச்ச டிக்கெட்டுகளுக்கு 66 பவுண் என்று அறிவித்தது, பிள்ளைகளுக்கும் கழிவு இல்லை. கஷ்டகாலம் வந்தால் முதலில் வெட்டுகிற செலவு இதுதான். வேலை போன பெடியன் மைதானத்துக்கு வரப்போவதில்லை, வரமுடியாமல் போகப்போகிறான். (கூரை வேலைக்காரர் இப்போது எசெக்ஸ் பக்கம் போய்விட்டார். பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு மட்ச்சுக்குப் போகிற செலவில் பழைய வானுக்கு டயர் மாற்றலாம் என்று போன வருடமும் புலம்பினார்.)

எண்ணிக்கையும் இதைத்தான் காட்டுகிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வேலையில்லாதோர் 2011 முடிவில் 27 லட்சத்தைத் தொட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உதைபந்தாட்டம் தொடர்பான கைதுகள் 2010-11 பருவத்தில் 3,089, அடுத்த பருவத்தில் 2,363 என்று இறங்கின. பிறகு 2018-19இல் 1,381 வரை விழுந்து, கொரோனாவுக்குப் பிறகு 2021-22இல் 2,198 என்று ஏறின. அந்த 2022இல் வேலையின்மை எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு மிகக் குறைவு. விலைவாசி ஏறியது உண்மை, அக்டோபரில் 11.1 வீதம், ஆனால் கைதுகள் அதற்கு முன்பே ஏறிவிட்டன. கைது எண்ணிக்கை பொலிஸ் எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் பொறுத்தது, முழுதாக நம்பக்கூடாது, சரி. ஆனாலும் பஞ்சம் வந்தால் அடிபாடு என்ற கதைக்கு இந்த எண்கள் ஒரு இடத்திலும் தலையாட்டவில்லை.

அப்படியானால் 2021க்குப் பிறகு ஏறியது ஏன்? வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த 17, 18 வயதுப் பெடியன்கள் முதல்தடவையாகத் தனியே மட்ச்சுக்கு வந்தார்கள். கூடவே கொக்கெயின். எண்பதுகளில் பெரும்பாலும் பியர்தான், குடித்தவன் ஐந்து மணிக்குக் களைத்து விழுவான். கொக்கெயின் போட்டவன் விழுவதில்லை, அவனுக்கு இரவு முழுக்கத் தெம்பு. 2022இல் மைதானத்தில் இந்த வகைப் போதைப்பொருளோடு பிடிபட்டாலும் தடை உத்தரவு என்று சட்டத்தை நீட்டினார்கள், அரசாங்கத்துக்கும் விளங்கியிருக்கிறது. இதோடு ஆட்டம் தொடங்கும் நேரத்தையும் பாருங்கள். 2021 ஜூலை 11, ஐரோப்பிய நாடுகளின் கிண்ண இறுதி, வெம்ப்ளியில் இரவு 8 மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே குடி, ஏறக்குறைய 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே புகுந்தார்கள். 2016 மே 10, அப்டன் பார்க்கின் கடைசி மட்ச், செவ்வாய் இரவு. என் மகன் உள்ளே இருந்தான். மான்செஸ்டர் யுனைடெட் வந்த பஸ்ஸுக்குப் போத்தல் எறிந்து, ஆட்டம் 45 நிமிடம் பிந்தித் தொடங்கியது. எறிந்தவன் வேலையில்லாதவன் என்று நான் நம்பத் தயாரில்லை, மத்தியானமே குடிக்கத் தொடங்கியவன் என்றால் உடனே நம்புவேன்.

பொருளாதாரத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அது பெடியனின் பொக்கற்றில் இல்லை, அரசாங்கத்தின் பொக்கற்றில். 2010க்குப் பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20,000 பொலிஸ்காரரைக் குறைத்தார்கள். மைதானத்துக்கு உள்ளேயும் கழகத்தின் சொந்த நிலத்திலும் நிற்கிற பொலிசுக்குத்தான் கழகம் காசு கட்டவேண்டும், தெருவிலும் ரயில் நிலையத்திலும் நிற்பவர்களுக்கு வரிப்பணம். பணம் இறுகும்போது எந்த இடம் முதலில் காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஷட்டர் இறக்குகிற கடைகள் எல்லாம் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. 2009 ஆகஸ்ட் 25 இரவு வெஸ்ட் ஹாமும் மில்வோலும் மோதியபோது அப்டன் பார்க்கை ஒட்டிய கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் நடந்ததும் பெரும்பாலும் வெளியேதான், ஒருவருக்குக் கத்திக்குத்து. நெருக்கடிக் காலம்தான், ஆனால் அந்த இரண்டு அணிகளின் பகை கப்பல் துறைமுகக் காலத்திலிருந்து வருகிறது, பங்குச்சந்தை விழுந்ததால் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை எல்லோரும் பழையபடி.

கோபம் இல்லாமல் போகாது, அது வேறு வாசலால் வரும். லிவர்பூலில் 77 பவுண் டிக்கெட் என்றதும் 2016இல் ஏறக்குறைய 10,000 பேர் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே நடந்தார்கள், சில நாளில் கழகம் மன்னிப்புக் கேட்டு விலையை விட்டுவிட்டது. அது நல்ல வாசல். 2011 ஆகஸ்டில் டொட்டன்ஹாமில் தொடங்கி ஊர் ஊராகக் கடைகள் எரிந்தபோது யாரும் எந்த அணியின் ஸ்காஃப்பும் கட்டியிருக்கவில்லை. பழைய உதைபந்தாட்டக் கூட்டங்களின் ஆட்கள் சிலர் 2009இல் லூட்டனில் தொடங்கிய இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக் என்ற முஸ்லிம் எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் போனார்கள், மட்ச் இல்லாத நாளிலும் ஒரு ஊரைத் தேர்ந்து போய் நிற்கலாம் என்று அங்கே பழகிக்கொண்டார்கள்.

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, குடியேறியவர்களுக்கு எதிராகப் பல ஊர்களில் கலவரம் நடந்த கிழமை, அடுத்து எங்கே கூடப்போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போனுக்குப் போன் சுற்றியது, வடகிழக்கு லண்டனின் வோல்தம்ஸ்டோ அதில் இருந்தது. என் மச்சானின் கடை அங்கேதான். மத்தியானம் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்டார். பிரீமியர் லீக் பருவம் இன்னும் தொடங்கவே இல்லை. முழுதாக இறக்கிவிட்டு லைட்டை அணையுங்கோ என்றேன். அன்று மாலை அங்கே வந்தது கலவரக்காரர்கள் இல்லை, அவர்களை எதிர்த்து நிற்க ஆயிரக்கணக்கில் ஊர்ச்சனம். எட்டு மணிபோல மச்சான் பாதி ஏற்றிவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் வித்தார்.