கேளுங்கள், சொல்கிறோம்: வீடு ஆடும்போது ஓடலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. போன வாரம் ஃபேன் ஆடியது, பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது. கீழ்வீட்டில் கேட்டால், ஒன்றுமே தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள். எல்லாம் என் பிரமையா?

பிரமை இல்லை. நிலநடுக்கம் வெகுதூரத்தில் வந்தால் படபடவென்ற வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவாக ஆட்டும் நீண்ட அலைகள் மட்டும் வந்து சேரும், அவை தரைத்தளத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல் உயரமான கட்டடங்களின் மேல்மாடிகளைத்தான் ஆட்டும். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் வந்தபோது, சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் பாங்காக்கில் மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணீர் தெருவில் கொட்டியது, கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதனால் கீழ்வீட்டுக்காரர் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை.

கேள்வி: ஆட ஆரம்பித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன். அதுதான் சரி என்கிறார் மாமியார், இல்லை என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

இந்த முறை கணவர். ஆடிக்கொண்டிருக்கும்போது நம்மால் நேராக நிற்கவே முடியாது, அதிலும் குழந்தையோடு படியிறங்குவது ரொம்ப ஆபத்து. அப்படியே வெளியே போய்ச் சேர்ந்தாலும் கண்ணாடியும் கைப்பிடிச்சுவர்ச் செங்கல்லும் வந்து விழுவது சரியாகக் கட்டடத்தின் வாசலை ஒட்டித்தான். உறுதியான மேஜைக்கு அடியில் குனிந்து புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேஜையும் நகரும். மேஜை இல்லையா, ஜன்னலையும் பீரோவையும் விட்டு விலகி, உள்சுவர் ஓரமாகக் குனிந்து தலையையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். கட்டிலில் படுத்திருந்தால் இறங்கவே வேண்டாம், தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அங்கேயே இருங்கள். நிலைப்படியில் நிற்கச் சொல்வது பழைய மண்சுவர் வீடுகள் இடிந்து நிலை மட்டும் மிச்சமிருந்ததைப் பார்த்துச் சொன்னது, இன்றைய வீடுகளில் அதற்கென்று தனி பலம் கிடையாது.

மாமியார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கனமான கூரை போட்ட மண்வீடு, நீங்கள் தரைத்தளத்தில் கதவருகே இருக்கிறீர்கள், எதிரே திறந்தவெளி என்றால் ஓடிவிடுவதுதான் நல்லது. மற்றபடி ஆட்டம் நின்ற பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு (உடைந்த கண்ணாடியில் கால் கிழித்துக்கொள்கிறவர்கள் நிறைய) கேஸை மூடிவிட்டு, லிஃப்டைத் தொடாமல் படிவழியாக இறங்குங்கள்.

கேள்வி: "நாளை இரவு பெரிய நிலநடுக்கம், நாய்கள் ஊளையிடுகின்றன" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடும்பத்தோடு வெளியே படுக்கலாமா?

படுக்க ஆசை இருந்தால் படுங்கள், அந்தச் செய்திக்காக வேண்டாம். நாள், நேரம் குறித்து முன்கூட்டியே சொல்லும் வித்தை இன்னும் யாரிடமும் இல்லை. 1975 பிப்ரவரியில் சீனாவின் ஹைசெங்கில் முன்னதாகவே மக்களை வெளியேற்றிப் பலரைக் காப்பாற்றினார்கள், குளிர்காலத்தில் பாம்புகள் வெளியே வந்த கதையும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே பெரிதாகக் கைகொடுத்தவை அதற்கு முன் அடுக்கடுக்காக வந்த சின்ன அதிர்வுகள். அடுத்த வருடம் ஜூலையில் அதே நாட்டின் தாங்ஷானில் அப்படி எதுவும் வரவில்லை, விடியுமுன் வந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹைசெங்கைச் சொல்கிறவர்கள் தாங்ஷானைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அளவு 5-க்கும் 6-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ஒன்றுதானே கூடுகிறது!

வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. 5-க்கும் 7-க்கும் கிட்டத்தட்ட 1,000 மடங்கு.

கேள்வி: எல்லாம் முடிந்தும் கட்டில் ஆடுவது போலவே இருக்கிறது. டாக்டரிடம் போகணுமா?

பெரிய ஆட்டத்துக்குப் பிறகு பலருக்கும் இப்படி இருப்பதுதான், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் பயமும் சேர்ந்து செய்கிற வேலை. உண்மையான பின்னதிர்வுகளும் வரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் அசையவில்லை என்றால் ஆடுவது வீடு இல்லை. வாரக்கணக்கில் போகாமல் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.