மன்னார் வளைகுடாவில் அயல்பாசி: கேள்வியும் பதிலும்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்பாசி அங்கே பவளத்தின்மேல் படர்கிறது. அதுபற்றியும் பிற அயல் இனங்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, அங்கே பவளப்பார்களில் முக்குளித்து அளவெடுக்கும் கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர் பதில் தருகிறார்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: கப்பாபைகஸ் வெறும் பாசிதானே? அது எப்படிப் பவளத்தைக் கொல்லும்?

போர்த்திக் கொல்கிறது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் வேண்டும்; அவை தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. கப்பாபைகஸ் தடித்த, வழுவழுப்பான கிளைகளோடு பவளத்தின் நுனியைப் பற்றிக்கொண்டு பாய்போலப் படர்கிறது. அந்தப் பாயின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் மான்கொம்புப் பவளம் உயிர்த்திசு இன்றி வெளுத்துக் கிடக்கும். ஒரு சாண் தள்ளி, பாசி எட்டாத கிளை பழுப்பு நிறத்தில் நன்றாகவே இருக்கும். குருசடைத் தீவில் பவளத்தின்மேல் இது படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். பிறகு சிங்கில், முல்லித் தீவுகளிலும் காணப்பட்டது.

மீனவர், பாம்பன்: தம்பி, வாடைக்காற்று காலத்தில்தான் இது அதிகம் மிதந்து வருகிறது. நான் சொல்வது சரிதானே?

சரிதான் அண்ணே. வாடையில் பாக் விரிகுடாவின் நீர் தெற்கே இழுத்துப் பாம்பன் கால்வாய் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் வருகிறது. வளர்ப்பு மிதவைகளில் உடைந்த துண்டுகளும் கூடவே வரும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் ஓட்டம் திரும்பிவிடும். அதனால் வாடை ஓய்ந்ததும் மண்டபம் பக்கத்துத் தீவுகளை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. வலையில் துண்டு சிக்கினால் கடலிலேயே உதறாமல் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் போடுங்கள். இடத்தையும் தேதியையும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். நாங்கள் எப்போதாவது இறங்கும் இடத்தை நீங்கள் அன்றாடம் கடக்கிறீர்கள். உங்கள் கண் எங்களுக்கு வேண்டும்.

பாசி வளர்ப்பவர், தொண்டி: மூங்கில் மிதவையில் 45 நாளில் அறுவடை, கையில் காசு. இதையும் நிறுத்தச் சொல்வீர்களா சார்?

இல்லை அம்மா. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த இந்தப் பாசியை இங்கே கொண்டுவந்தது நீங்கள் அல்ல. ஒரு பெருநிறுவனம் சாகுபடியில் இறங்கியதால் ஊரில் 'பெப்சி பாசி' என்றே பெயர் நிலைத்தது. அதை நம்பி எத்தனையோ பெண்கள் வீடு நடத்துகிறார்கள். 2005-இல் தமிழக அரசு இந்த வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் என்று ஆணையிட்டது. அந்த எல்லை காக்கப்பட வேண்டும். அதில் எனக்குச் சமரசம் இல்லை. மிதவையின் அடியில் வலை கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதிராவிட்டாலும் அறுத்துவிடுங்கள். கழிவை அலையில் வீசாதீர்கள். நம் கடலில் இது பெரும்பாலும் துண்டுகளிலிருந்தே பெருகுகிறது.

முக்குளிப்புப் பயிற்சியாளர், சென்னை: கண்காணிப்பு என்று நீருக்கடியில் என்னதான் செய்கிறீர்கள்?

பாரின்மேல் 20 மீட்டர் அளவுநாடாவை விரிக்கிறோம். அதன் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிர்ப்பவளம், எத்தனை செத்தது, எத்தனை பாசி என்று நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிக்கிறோம். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து மேலிருந்து படமெடுக்கிறோம். அடுத்த முறை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் குறியீட்டுக் கம்பிகள். இடம் மாறினால் பாசி பரவியதா, நாம் நகர்ந்தோமா என்று தெரியாது. ஒன்றும் இல்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுதியாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னால் பாசியைக் கண்டதும் அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பலரும் அலட்சியப்படுத்துவது இதைத்தான்.

நீங்களாக இறங்கிப் பிடுங்க வேண்டாம். பூங்காவுக்குள் அனுமதி தேவை. பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அவசரமாக இழுத்தால் பவளமும் ஒடியும், பாசியும் நூறு துண்டாகும். பற்றுள்ள இடத்தை விரலால் நெகிழ்த்தி, நுண்கண் வலைப்பைக்குள் நேராகப் போட்டுக் கரை சேர்க்க வேண்டும். சில வாரம் கழித்து மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒட்டியிருந்த துணுக்கு தளிர்த்திருக்கும்.

வாசகர், தூத்துக்குடி: சிங்கமீனைப் பார்த்தேன். அதுவும் அயல் இனமா?

இங்கே இல்லை. இந்தியப் பெருங்கடல் அதன் சொந்த வீடு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும்தான் அது ஆக்கிரமிப்பு மீன்.

வாசகர், எண்ணூர்: எங்கள் கழிமுகத்தில் காக்கா ஆழி நிறைந்துவிட்டது. எங்கிருந்து வந்தது?

தென் அமெரிக்கச் சிப்பி அது. கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் நிலைப்பு நீரில் கலந்தோ, கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். சேற்றின்மேல் கம்பளமாகப் படிந்து, இறால் இருக்கும் தரையையே மூடிவிடுகிறது. கப்பல்களின் நிலைப்பு நீருக்கான உலக ஒப்பந்தம் 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. துறைமுகங்களில் சோதனைத் தகடுகளைத் தொங்கவிட்டு, எது ஒட்டுகிறது என்று முறையாகப் பார்த்துவர வேண்டும்.

ஆசிரியர், ராமநாதபுரம்: முழுதாக ஒழிக்க முடியுமா?

சீக்கிரம் கண்டுபிடித்த இடங்களில் முடிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-இல் ஓர் அயல் சிப்பியைக் கண்டதும், படகுத்துறைகளை அடைத்து மருந்திட்டுச் சில வாரங்களில் அழித்தார்கள். கலிபோர்னியாவில் 2000-இல் கண்ட காலெர்பா பாசியைத் தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தினார்கள். ஒழிந்தது என்று 2006-இல் அறிவித்தார்கள். ஹவாயில் கப்பாபைகஸ் 1970-களிலேயே வந்துவிட்டது. அங்கே இயந்திரத்தால் உறிஞ்சியெடுத்து, மிச்சத்தை மேயக் கடல்முள்ளெலிகளை வளர்த்து விடுகிறார்கள். இன்னும் வேலை முடியவில்லை.

நம் நிலைமை ஹவாய்க்குத்தான் நெருக்கம். திறந்த கடல், பக்கத்திலேயே வளர்ப்பு. முழு ஒழிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. பாசி இன்னும் ஏறாத தீவுகளை முறை தவறாமல் பார்த்து, முதல் கொத்தையே எடுத்துவிடுவதற்கு ஆளும் படகும் ஆண்டு முழுவதும் வேண்டும். ஓராண்டுத் திட்டம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிட்டால் அடுத்த வாடையில் எல்லாம் பழையபடி வந்துவிடும்.